ஏழு வேலை பார்த்தவருக்கு எட்டாவது வேலை: கோத்தகிரிப் பக்கம் ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரி வட்டாரத்தில் வேலை தேடுபவர்களுக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. காகிதங்களில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் உதவுகிற ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரே பட்டம்தான், "ஒரு இடத்துல நிலைச்சு நிக்கமாட்டான்". அப்படிப் பட்டம் வாங்கிய ஒரு பெண்ணின் கதை இது. அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன், ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதேமாதிரி ஆட்களுக்கு வழி சொல்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும், ஆள் எடுக்கும்போது பழைய வேலைப் பட்டியல் நீளமாக இருந்தாலே முகம் சுளிக்கிற முதலாளிகளுக்கும் பயன்படலாம்.

பின்னணி

அவர் பிறந்தது 1980-களின் தொடக்கத்தில். அப்பா அம்மா இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அம்மாவுக்கு அங்கேயும் கொழுந்து பறிக்கிற வேலை, இங்கேயும் அதேதான். ஒரே வேலை, ஒரே கூடை, ஓய்வு பெறும்வரை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள், மகளைத் தவிர.

மகள் பத்தாவது முடித்தது 1999-ல். நீலகிரியில் அந்த வருடங்களை மறக்க முடியாது. பச்சைத் தேயிலை விலை சரிந்து கிலோ ஒற்றை இலக்கத்துக்கு வந்து நின்றது, சிறு விவசாயிகள் இலையைப் பறிக்காமலே விட்டுவைத்த தோட்டங்கள்கூட உண்டு. மூன்று வருடம் அம்மாவோடு தினக்கூலிக்குப் பறித்தார். 2002-ல் பக்கத்து வீட்டுப் பெண்களோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார், கைமடியாக (உதவியாளாக) சேர்ந்து செக்கிங், அப்புறம் ஓவர்லாக் தையல். 2007-ல் கல்யாணம், திரும்ப மலை. அந்த வருடக் கடைசியிலிருந்து 2012 பாதிவரை ஒரு டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பிரிவு. பிறகு ஒரு தங்கும் விடுதிப் பள்ளியின் சமையலறை, 2017 வரை. ஒரு வருடம் வர்க்கி போடுகிற பேக்கரி, விறகடுப்பு சூட்டில். 2018-லிருந்து ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல், அதோடு விருந்தினரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ஹோம்ஸ்டே மூடியது. சுற்றுலாவை நம்பியிருந்த எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது இவர் கேத்தி பக்கம் கேரட் அறுவடைக் குழுவில் சேர்ந்துவிட்டார். விடிவதற்கு முன்பே பிடுங்கி, கழுவும் மெஷினில் விட்டு, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றுகிற வேலை.

ஆக, ஏழு.

எங்களிடம் வந்தபோது

2021 கடைசியில் வந்தார். அவர் கேட்டது வேலை அல்ல. மகளின் பள்ளிக் கட்டணத்துக்குப் பழைய பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டும், ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பி.எஃப். பதிவில் இன்னொரு மாதிரி. இனிஷியல் பிரச்சினைதான், நம் ஊரில் யாருக்கு இல்லை. கூடவே, கொஞ்சம் பணம் மிஞ்சினால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டிபன் கடை போடலாமா என்றும் யோசனை.

காகிதங்களைப் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. திருப்பூர் கணக்கை 2007-லேயே முழுசாக எடுத்துவிட்டார், கல்யாணச் செலவுக்கு. அதோடு அந்தச் சேவைக் காலமும் போனது. டீ ஃபேக்டரியில் 4 வருடம் 8 மாதம், பள்ளியில் 4 வருடம் 4 மாதம், இரண்டும் பி.எஃப். பிடித்த இடங்கள், இரண்டிலும் பணம் எடுக்கவில்லை. கூட்டினால் ஒன்பது வருடம். 1995-ம் வருடத்துத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் கிடைக்க 10 வருடச் சேவை வேண்டும். ஒரே ஒரு வருடம் குறை. பெயர்ப் பிரச்சினை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் எப்போதோ விண்ணப்பம் போட்டு மொத்தத்தையும் எடுத்து, ஒன்பது வருடத்தையும் அழித்திருப்பார். இனிஷியலால் ஒருவருக்கு நல்லது நடந்து நான் பார்த்தது இது ஒன்றுதான்.

கிராஜுவிட்டி (வேலையை விடும்போது முதலாளி மொத்தமாகத் தருகிற பணிக்கொடை) எங்கும் இல்லை. அதற்குச் சாதாரணமாக ஒரே முதலாளியிடம் தொடர்ச்சியாக ஐந்து வருடம் வேண்டும். ஃபேக்டரி, பள்ளி இரண்டையும் அவர் விட்டது ஐந்தாவது வருடம் நிறைவதற்குள். யாரும் வெளியே தள்ளவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

பட்டியலை விரித்துப் பார்த்ததில்

இப்படிப்பட்டவர்களிடம் நாங்கள் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதச் சொல்வோம்: ஏன் சேர்ந்தீர்கள், அங்கே என்ன கற்றீர்கள், ஏன் விட்டீர்கள். வழக்கமாக மூன்றாவது பத்தியில்தான் எல்லோரும் நிறைய எழுதுவார்கள், மேஸ்திரி சரியில்லை, சம்பளம் சரியில்லை என்று. இவர் எழுதியது அத்தனையும் நடுப் பத்தியில்.

சலிக்கும் பிரிவில் பெண்களுக்கு நார் பொறுக்குவதும் தரம் பிரிப்பதும்தான் வேலை. ஆனால் இவர் சாப்பாட்டு நேரத்தில் டீ மேக்கர் (தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிறவர்) பக்கத்தில் போய் நின்று, இலை வாடியிருக்கிறதா என்று கையில் பிடித்து அமுக்கிப் பார்க்கக் கற்றிருக்கிறார், புளிக்க வைத்த (உருட்டிய பிறகு காற்றில் நிறம் மாற விட்ட) இலையின் வாசனை பச்சை வாடையிலிருந்து பழ வாசனைக்கு எப்போது மாறுகிறது என்று தெரிந்துவைத்திருக்கிறார். பள்ளிச் சமையலறையில் முந்நூறு பேருக்கு அளவு போடவும், ஸ்டாக் நோட்டு எழுதவும். வர்க்கிக் கடையில் மாவு. (2023-ல் ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்றைக்கு எனக்கு முதல் போன் இவரிடமிருந்துதான்.) ஹோம்ஸ்டேயில் வெளிநாட்டுக்காரர்களிடம் தயங்காமல் பேச, உடைந்த ஆங்கிலமானாலும் சிரிக்க வைக்கிற அளவுக்கு.

விட்ட காரணங்களைப் பார்த்தால், ஏழில் பாதிக்கு அவரே பொறுப்பில்லை. இலை விலை, கல்யாணம், கொரோனா. மிச்ச இடங்களில் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. தன் மேஜை வேலையையும் பக்கத்து மேஜை வேலையையும் கற்று முடிக்கிறார், அதற்குமேல் அந்த இடத்தில் அவருக்குக் கதவு திறக்காது, சில மாதத்தில் கிளம்பிவிடுகிறார். ஃபேக்டரியில் புளிக்கவைக்கும் பிரிவுக்கு மாற்றக் கேட்டபோது "அது ஆம்பளைங்க பாக்கிற வேலை" என்று பதில் வந்ததாம். அடுத்த மாதம் கணக்கு முடித்துவிட்டார்.

வீட்டில் இதை நிலையில்லாத குணம் என்கிறார்கள். அவர் கணவர், டிரைவர், எங்களிடமே சொன்னார்: "எங்க அத்தை நாப்பது வருஷம் ஒரே தோட்டம் சார். இவ அஞ்சு வருஷத்துக்கு மேல எங்கயும் இல்ல." அந்த அம்மாவிடமும் பேசினேன். எழுபது வயதைத் தாண்டியவர். "எனக்கு வேற என்ன தெரியும், தெரிஞ்சிருந்தா நானும் போயிருப்பேன்" என்றார். இதை மருமகனிடம் சொல்லலாமா என்று யோசித்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

முன்னால் இருந்த வழிகள்

2022 தொடக்கத்தில் மூன்று வழி இருந்தது.

ஒன்று, ஒரு பெரிய ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவு. நிரந்தர வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., தீபாவளி போனஸ். பென்ஷன் கணக்கு ஒரு வருடத்தில் நிறைந்துவிடும். வீட்டில் எல்லோருடைய ஓட்டும் இதற்குத்தான்.

இரண்டு, டிபன் கடை. இதை அவரே ஒரு வாரத்தில் கைவிட்டார். வாடகை, கேஸ், சீசன் இல்லாத மழை மாதங்கள் என்று பள்ளி ஸ்டாக் நோட்டு பாணியில் எழுதிப் பார்த்துவிட்டு, "கணக்கு உதைக்குது சார்" என்றார்.

மூன்று, கோத்தகிரிக்குக் கீழே ஒரு இளைஞர் புதிதாகத் தொடங்கியிருந்த சின்ன ஆர்த்தடாக்ஸ் தேயிலைக் கூடம். மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற) தூள் மாதிரி இது மெஷினில் ஓடி வந்து விழுவது கிடையாது. இலையை இரவு முழுக்க வாட்டி, உருட்டி, வாசனை பார்த்துப் புளிக்கவைத்து, உலர்த்துவது. நாளுக்கு நாள் குளிர், ஈரம் பார்த்து நேரம் மாறும். ஜூலை மழையில் வாட்ட எடுக்கும் நேரம் வேறு, மார்ச் வெயிலில் வேறு. அந்த இளைஞருக்குத் தேவைப்பட்டது கூடத்திலும் நிற்கத் தெரிந்த, வருகிறவர்களுக்குக் காட்டிச் சொல்லவும் தெரிந்த, பார்சல் கணக்கும் பார்க்கிற ஆள். விளம்பரம் கொடுத்து அப்படி ஒருவரைப் பிடிக்க முடியாது. ஆனால் நாங்கள் எழுதி வாங்கிய தாளில் அந்த ஆள் ஏற்கெனவே இருந்தார்.

சிக்கல் என்னவென்றால், 20 பேருக்குக் குறைவான இடத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை. அங்கே போனால் பிடித்த வேலை கிடைக்கும், ஒன்பது வருடம் ஒன்பதாகவே நிற்கும்.

எடுத்த முடிவும் காரணமும்

முதலில் பழைய கணக்குகள். பெயர்த் திருத்தத்துக்கு இரண்டு பழைய முதலாளிகளின் கையெழுத்தோடு கூட்டு உறுதிமொழி கொடுத்தோம். இதற்கே மாதக்கணக்கில் ஆனது. பிறகு பி.எஃப். சேமிப்பை மட்டும் எடுத்து மகளின் கட்டணத்தைக் கட்டினார். பென்ஷன் பகுதியை எடுக்காமல், படிவம் 10சி-யில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் (ஸ்கீம் சர்டிபிகேட்) கேட்டு வாங்கினோம். அடுத்த முதலாளியிடம் பி.எஃப். தொடங்கும்போது அந்த ஒன்பது வருடம் அப்படியே சேர்ந்துகொள்ளும். இந்த இரண்டையும் தனித்தனியாகச் செய்யலாம் என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் சென்டரில் கேட்டால் இரண்டு படிவத்தையும் சேர்த்துப் போட்டு மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கு அது ஒரே வேலை.

அடுத்து, இளைஞரிடம் பேசினோம். ஆள் குறைவாக இருந்தாலும் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் தாமாகவே பி.எஃப். திட்டத்தில் சேர்ந்துகொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது. 20 பேருக்குக் குறைவான இடத்தில் முதலாளி பங்கு சம்பளத்தில் 10 சதவீதம், அதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். அவர் தயங்கினார், நியாயமான தயக்கம்தான், கூடம் அப்போது லாபம் பார்க்கவில்லை. ஒரு வருடம் அவகாசம் கேட்டார். 2023 ஏப்ரலில் சேர்ப்பதாக எழுத்தில் கொடுத்தார், சேர்த்தார்.

எங்கள் குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "முதலாளி சொன்ன வார்த்தையை நம்பி ஒரு வருஷம் ஓட்டறதுக்கு, பேக்கிங்ல ஒரு வருஷம் உட்கார்ந்துட்டு அப்புறம் இங்க வரட்டும்" என்றார் ஒருவர். காகிதப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அந்த இளைஞர் ஒரு வருடம் காத்திருக்க மாட்டார், இந்த இடம் போய்விடும். பேக்கிங்கில் இவர் ஒரு வருடம் தாங்குவாரா என்பதிலும் எனக்குச் சந்தேகம். அவரிடமே கேட்டோம். "அங்க சேர்ந்தா ஆறாவது மாசம் உங்ககிட்டதான் வந்து நிப்பேன்" என்றார். 2022 ஏப்ரலில் கூடத்தில் சேர்ந்தார்.

பிறகு நடந்தது

முதல் வருடம் நன்றாகப் போனது. இலை அதிகம் வருகிற மாதங்களில் கூடத்தில், மழைக்காலத்தில் பார்சலும் ஸ்டாக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை பனிக்கால இலை. இரவுக் குளிரில் மெதுவாக வளர்ந்த கொழுந்து, வரத்து ரொம்பக் கம்மி, வாசனை அதிகம், ஆர்த்தடாக்ஸ் செய்கிறவர்களுக்கு வருடத்தில் அதுதான் முக்கியமான சமயம். அந்த மாதங்களில் அவரை வேறு எதற்கும் கூப்பிடக் கூடாது என்று முதலாளியே தீர்மானித்தார். ஃபேக்டரியில் திறக்காத கதவு இங்கே திறந்தது, பத்து வருடம் தாமதமாக.

2023 மே மாதம்தான் உடைந்தது. ஏப்ரல், மே இரண்டிலும் பச்சை இலை குவியும், அதே சமயம் சீசன், மலைப்பாதை முழுக்க வண்டி. காலையில் உருட்டிய இலை புளிக்கிற நேரத்தில் ஒரு வேன் வந்து நிற்கும், "அக்கா, ஒரு பத்து நிமிஷம் அவங்களுக்குச் சுத்திக் காட்டிடுங்க" என்பார் முதலாளி. பத்து நிமிடம் நாற்பது ஆகும். ஒரு நாள் இலை அளவுக்கு மேல் புளித்து அந்த லாட் முழுக்க வீணானது. பழி யார்மேல் என்று பேச்சு வந்தது. அவர் அழவில்லை, சண்டை போடவில்லை, சம்பள நோட்டைக் கொண்டுவந்து எங்கள் மேஜைமேல் வைத்தார்.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவானது. மாதம் மாறினால் வேலை மாறுவது அவருக்குத் தெம்பு. ஒரே மணி நேரத்தில் மூன்று வேலை என்றால் அது ஆள் பற்றாக்குறை. முதலாளி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார், கெட்ட எண்ணத்தில் அல்ல, "அக்கா எல்லாம் பாத்துப்பாங்க" என்ற பாராட்டிலேயே. பல வேலை தெரிந்தவர்களை வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, நாம் இப்படித்தான் தேய்க்கிறோம்.

பேசி இரண்டு மாற்றம் செய்தோம். இலை புளிக்கிற நேரத்தில் பார்வையாளர் யாரும் இல்லை, வேன் வந்தால் காத்திருக்கட்டும். சீசன் இரண்டு மாதத்துக்குச் சுற்றிக்காட்டத் தனி ஆள், கல்லூரி விடுமுறைப் பையன் ஒருவனை இவரே பழக்கினார்.

அடுத்தது சம்பளம். கூட்டிக் கேட்டபோது முதலாளி ஒப்பிட்டது பேக்கிங் பெண்களோடு. அவர்களைவிட இவருக்கு ஏற்கெனவே கொஞ்சம் அதிகம்தானே என்றார். டீ மேக்கரோடு ஒப்பிடலாமா என்றால், முழு நேர டீ மேக்கர் இல்லையே என்றார். பலவேலைக்காரர்கள் எல்லா இடத்திலும் மாட்டுகிற பொறி இது. எந்த வேலையிலும் "முழு நேரம்" இல்லாததால் எந்தக் கூலியும் முழுசாகக் கிடைக்காது. கடைசியில் நாங்கள் வைத்த நியாயம் எளிமையானது: அவரிடம் உள்ளதில் எந்த வேலைக்கு வெளியில் ஆள் கிடைப்பது கஷ்டமோ, அதன் கூலிதான் பன்னிரண்டு மாதத்துக்கும். ஏனென்றால் அந்த வேலைக்குத் தேவைப்படும் அன்றைக்கு அவர் அங்கே இருக்கிறார் என்பதற்குத்தான் அந்தப் பணம். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 2023 தீபாவளிக்கு முன்னால் பாதி வழி வந்தார், அடுத்த பனிக்கால லாட் நல்ல விலைக்குப் போன பிறகு மீதியையும் கொடுத்தார்.

2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலில் நாளுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வந்தது, வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. பார்வையாளர் வருமானத்தை மட்டும் நம்பிய சில இடங்கள் தள்ளாடின. இந்தக் கூடத்திலும் வேன்கள் குறைந்தன, ஆனால் இவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த நேரம் கூடத்துக்குப் போனது.

2024 ஏப்ரலோடு பென்ஷன் சேவை 10 வருடம் நிறைந்தது. 58 வயதில் கிடைக்கப்போவது பெரிய தொகை அல்ல, இந்தத் திட்டத்தின் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய்தான், சேவை கூடினால் கொஞ்சம் கூடும். ஆனாலும் கணவர் இப்போது அந்தப் பட்டத்தைச் சொல்வதில்லை என்று கேள்வி.

இனி மாற்ற வேண்டியவை

வேலை மாறுகிறவர் வந்தால் முதல் நாளே பி.எஃப். சேவைக் காலத்தைக் கூட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிவிட்டோம், அவர் வேறு எதற்காக வந்திருந்தாலும். 2014-ல் யு.ஏ.என். (எந்த வேலைக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்) வந்ததற்கு முன்னால் திறந்த கணக்குகள்தான் அதிகம் தொலைந்திருக்கின்றன. நம் மலையில் பழைய ஃபேக்டரிகள் கைமாறுவதும் மூடுவதும் சாதாரணம் என்பதால், கையெழுத்துப் போட ஆள் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும்.

ஐந்து வருடத்தை நெருங்கியவர் "விடப்போகிறேன்" என்று வந்தால் கிராஜுவிட்டி தேதியைக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறோம். இருக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. சில பேர் அதைப் பார்த்துவிட்டும் போகிறார்கள், அது அவர்கள் கணக்கு.

முதலாளியோடு பேசும்போது, எந்த மாதத்தில் எந்த வேலை என்பதையும் எந்த வேலையின் கூலி என்பதையும் சேரும் முன்பே எழுத வேண்டும். இந்த நிகழ்வில் மாதச் சம்பளமும் பி.எஃப். தேதியும் மட்டும்தான் எழுத்தில் இருந்தது, மே மாதச் சண்டைக்கு முக்கியக் காரணம் அதுதான் என்பது என் கருத்து.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. மூன்று வருடம் தாண்டிவிட்டது, பக்கத்து மேஜை வேலையையும் அவர் கற்றுவிட்டார். போன மாதம் வந்து, குன்னூர் தேயிலை ஏலத்துக்குத் தூள் சுவைத்துத் தரம் சொல்கிறவர்களிடம் போய்ப் பழக வேண்டும், வாரத்தில் ஒரு நாள் விட்டால் போதும் என்றார். முதலாளி இன்னும் பிடிகொடுக்கவில்லை, கற்றுக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார் என்ற பயம். போகவும் கூடும். விடாவிட்டால் கட்டாயம் போவார் என்பதை அந்தப் பழைய தாளைக் காட்டியே முதலாளியிடம் சொல்லியிருக்கிறோம். பனிக்கால இலை தொடங்குவதற்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம்.